என் பேத்தியின் காதுகுத்துக்கு என்னை வரவைத்த கருப்பு

கருப்பசாமியை நம்புகிற சனங்களே, நான் சமயநல்லூர்க்காரி. அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

என் மகள் செல்வியை மேலூரில் கட்டிக்கொடுத்தோம். பேத்தி யாழினி தவழ்வதற்குள் செல்வி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பச்சிலையே போதும் என்று மாமியார் வீட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார்கள். என் பிள்ளையைக் கிடத்தியிருந்த வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டேன். பெற்றவள் வேறென்ன செய்வாள்? அன்றோடு பேத்தியை என் கண்ணில் காட்டவில்லை. மண் தூற்றிய கை குழந்தை மேல் படக்கூடாதாம். மருமகன் மறு கல்யாணமும் செய்துகொண்டார்.

எங்கள் தெருமுனைக் கருப்பசாமியிடம் போய் அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. போன தை மாதம் சண்டையே போட்டேன்.

"மகளத்தான் காப்பாத்தல. பேத்தி என்னைய ஒரு தடவ அம்மாச்சின்னு கூப்பிடணும். அதுக்கும் வக்கில்லாட்டி உங் கையில எதுக்கு அருவா?"

பூசாரி வெளியே போகச் சொன்னார். நான் அசையவில்லை.

மாசி பிறந்ததும் மருமகனைப் பெற்ற சம்பந்தியம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு என் வாசலில் வந்து நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எதுக்கு வந்தீக? தூத்துன மண்ணு பத்தலையா?"

"ஏசு மதினி. ஏசிட்டுத் தட்ட வாங்கு. யாழினிக்குக் காது குத்துறோம். புது மருமகளோட அண்ணன் மடியில உக்கார வைக்கலாம்னு வீட்டுல சொல்றாக. எனக்கு ஒப்பல. பெத்தவ செத்தா தாய்மாமனுமா செத்துப் போயிட்டான்? உம் மகன் மடிதேன் வேணும். நீயும் வா."

யார் கதவை அடைத்தாரோ அவர் வாயாலேயே கருப்பு என்னைக் கூப்பிட்டார். தட்டை வாங்கிக்கொண்டேன்.

கோயிலில் என் மகன் மடியில் உட்கார்ந்துதான் யாழினி காது குத்திக்கொண்டாள். வலியில் வீறிட்டாள். கை நீட்டினேன். பின்வாங்கினாள்.

"நீ யாரு?"

"அம்மாச்சிடா. உங்கம்மாவப் பெத்தவ."

பக்கத்தில் நின்ற சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளைத்தான் அம்மா என்று நினைத்து வளர்கிறாள்.

"இந்த அம்மாவயா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். செல்வி என்ற பெயர் என் நாக்கில் வந்து நின்றது. அப்படியே விழுங்கினேன்.

"ஆமாத்தா."

"அம்மாச்சி" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணீரில் என் தோளெல்லாம் நனைந்தது.

வீட்டுக்கு வந்து செல்வியின் படத்துக்கு முன்னால் விழுந்து கதறினேன். "பொய் சொல்லிட்டேன்டி" என்றேன். வேறு என்ன சொல்ல?

இப்போது மாதம் தவறாமல் மேலூருக்குப் பஸ் ஏறுகிறேன். சபிப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பெண் என்னை அம்மா என்கிறாள். "பாப்பா வளரட்டும், நானே அக்காவப் பத்திச் சொல்றேம்மா" என்றும் சொல்லியிருக்கிறாள். நம்புகிறேன். ஆனாலும் பேத்தி என்னை அம்மாச்சி என்று கூப்பிடும்போதெல்லாம் வயிற்றில் கத்தி இறங்குகிறது.

கருப்பு கேட்டதைக் கொடுத்தார். நெஞ்சு வெடிக்கத்தான் நன்றி சொல்கிறேன். உங்களுக்கும் குறை இருந்தால் போய்க் கேளுங்கள். திட்டியாவது கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கொடுப்பார். கொடுக்கும்போது வாங்கிக்கொள்ள நெஞ்சில் தெம்பையும் சேர்த்துக் கேளுங்கள்.