தவக்காலத்துக்காக அழித்த பாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. அதோடு, இதில் வருகிற பாட்டு வாத்தியார் இன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறார். அவரை நோகடிக்க மனசு வரவில்லை. போன மாதம் அவரே, "எழுதுங்கண்ணே. என் பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றார். ஆண்டவர் வழிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

சாந்தோமில் எங்கள் கோவில் பாடகர் குழுவில் என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடியவள். ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறன்று முதல் அல்லேலூயா அவளுடையதுதான். பிறகு தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. அன்றிலிருந்து சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறாள்.

வீட்டில் எதையும் பதிந்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. குழு எப்போதோ பதிவு செய்த அவளுடைய அல்லேலூயா மட்டும் கோவிலின் பங்கு அலுவலக சர்வரில் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு உயிர்ப்பு ஞாயிறன்று அதைத்தான் போடுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். செல்லில் ஏற்றித் தரட்டுமா என்று வாத்தியார் கேட்டதற்கு, "வேண்டாம் சார். கோவில்ல கேட்டாப் போதும்" என்று எழுதிக் காட்டினாள்.

அந்த சர்வர் லினக்ஸில் ஓடுவது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும், மிர்ரரிங் என்பார்கள். ஒருமுறை ஒரு டிஸ்க் செத்துப்போனபோது ஒரு பாட்டுகூடத் தொலையவில்லை. அதிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அதன்மேல் அசையாத நம்பிக்கை.

உயிர்ப்புக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க நாங்கள் அல்லேலூயா பாடுவதில்லை. இது நடப்பதற்கு முந்தின வருஷம் தவக்காலப் பூசையில் யாரோ கைதவறி அதைப் போட்டுவிட, கோவிலே திரும்பிப் பார்த்தது. அப்படி மறுபடி நடக்கக் கூடாது என்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் வாத்தியார் அல்லேலூயாப் பாட்டுகள் இருந்த ஃபோல்டரையே அழித்துவிட்டார். இன்னொரு டிஸ்க்கில் இருக்கிறதே, உயிர்ப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். பக்தியில் செய்ததுதான்.

உயிர்ப்புக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலை ஒத்திகையில் தேடினால் பாட்டு இல்லை. அடையாறிலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தார். என் மனைவி பீடத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தவள், சிலேட்டோடு வந்து வாசலில் நின்றாள்.

"ரெண்டாவது டிஸ்க்ல பாருங்க சார்," என்றார் வாத்தியார்.

"அதுலயும் இல்ல சார். நீங்க இதுல அழிச்ச அதே செகண்ட் அதுலயும் அழிஞ்சிட்ச்சி."

"அப்புறம் எதுக்குய்யா ரெண்டு டிஸ்க் வெச்சோம்?"

"டிஸ்க் கெட்டா காப்பாத்தும். நாம அழிச்சா அதுவும் கூடவே அழிக்கும். இது கண்ணாடி சார், போட்டோ இல்ல. நீங்க பொட்டை அழிச்சா கண்ணாடியில மட்டும் பொட்டு நிக்குமா? போட்டோ வோணும்னா பேக்கப் எடுத்து தனியா, வேற எடத்துல வெச்சிருக்கணும். எங்க கீது பேக்கப்?"

அப்படி எடுத்து வைக்க எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"தோண்டி எடுக்க முடியாதா தம்பி?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே கூப்ட்டிருந்தா ட்ரை பண்ணியிருக்கலாம். நாப்பது நாளா சிலுவைப்பாதை வீடியோவா ஏத்திக்கினு இருந்திருக்கீங்க. பாட்டு இருந்த எடத்து மேலயே எழுதியாச்சிண்ணே."

இருந்தும் மாலைவரை முயன்று பார்த்தார். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதரின் சுரூபத்தின் முன்னால் நான் முழங்காலில் இருந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? குழுவில் ஒருவர் தன் செல்லில் பழைய உயிர்ப்புப் பூசை இருப்பதாக ஓடிவந்தார். அதில் கோவில் மணிச்சத்தம்தான் கேட்டது. அதற்கடியில் எங்கேயோ அவள்.

வாத்தியார் படியில் உட்கார்ந்து அழுதார். என் மனைவி சிலேட்டை அவர்முன் நீட்டினாள். "அழாதீங்க சார். நாளைக்கு நீங்கதான் பாடணும்."

மறுநாள் அவர்தான் பாடினார். என் பக்கத்தில் அவள் உதடு முழுப்பாட்டுக்கும் அசைந்தது. நான் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனேன். மூச்சு மட்டும்தான்.

இப்போது வாராவாரம் தனி டிஸ்க்கில் பேக்கப் எடுத்து கன்னியர் மடத்து அலமாரியில் வைக்கிறார்கள். நல்லதுதான். வீட்டில் சில நேரம் அவள் குரலை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்க்கிறேன். பாட்டின் வார்த்தைகள் வருகின்றன. குரல் வருவதில்லை.

இதை வாசிக்கிறவர்கள் கண்ணாடியை நம்பியிருக்கும் நாலு பேருக்கு அனுப்புங்கள். இருக்கிறபடியே அனுப்புங்கள். நம் ஆட்கள் கடைசியில் ஓர் அற்புதத்தைச் சேர்த்துவிடுவார்கள்; பாட்டு கிடைத்தது, குரல் திரும்பியது என்று. கிடைக்கவில்லை. திரும்பவில்லை. அவள் கேட்டுக்கொண்டதும் அதுதான்: ஒரு வரிகூடக் கூட்ட வேண்டாம்.