நினைவு மலரில் இடமில்லை

நகரத்தின் ஓரத்தில், ரூஜ் என்ற பகுதியில், எங்கள் வீட்டுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் இருந்தது நான் படித்த ஹைஸ்கூல். சுற்றுக் கிராமங்களின் சின்னப் பள்ளிகளை ஒரு காலத்தில் இழுத்துமூடி, பண்ணைப் பிள்ளைகளையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிவந்து ஒரே கட்டடத்தில் சேர்த்திருந்தார்கள். தொண்ணூறுகளில் புது வீடுகள் எழும்ப, புலம்பெயர்ந்த தமிழரான நாங்களும் வந்து சேர்ந்தோம். இடம் போதவில்லை. எங்களை மைதானத்தில் போர்ட்டபிள் எனப்படும் தற்காலிகக் கொட்டில்களில் விட்டார்கள். கழிப்பறைக்குப் போவதென்றாலும் பனிக்குள் நடந்து பெரிய கட்டடத்துக்குப் போகவேண்டும்.

நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது பள்ளியின் ஆண்டு நிறைவு விழா வந்தது. பள்ளி வரலாற்றை நினைவு மலராகப் போட முடிவெடுத்தார்கள். எங்கள் வரலாற்று ஆசிரியர் ஆளுக்கொரு காலத்தைப் பிரித்துத் தந்தார். எனக்குக் கடைசிப் பத்து ஆண்டுகள். நூலகத்தில் இருந்த பழைய கூட்டக் குறிப்புகளையும் தேடி வாசித்தேன். பள்ளிகளை இணைத்தபோது, எங்கள் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் அந்நியரோடு இருத்தாதீர்கள் என்று கிராமத்துப் பெற்றோரே சண்டை பிடித்திருக்கிறார்கள். அதையும் போர்ட்டபிளையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினேன். ஆசிரியர் மிக நன்று என்று குறித்துத் தந்தார்.

மலர் அச்சாகி வந்தது. என் பக்கம் இல்லை. அண்மையில் மாணவர் தொகை பெருகியது என்று ஒரேயொரு வரி. ஹொக்கி அணிக்கு நான்கு பக்கம். மலர்க்குழுத் தலைவியிடம் போய்க் கேட்டேன். அவர் பழைய மாணவி. முதலில் இடமில்லை என்றார். பிறகு, இது பள்ளியின் வரலாறு, நீங்கள் நேற்றுத்தானே வந்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

விழாவன்று வாசலில் மலர் கொடுக்க மட்டும் நான் வேண்டுமாம். சேலை கட்டி நின்றால் வடிவாக இருக்குமாம். கட்டினேன். என் பக்கத்தைப் பிரதியெடுத்து எல்லா மலர்களுக்குள்ளும் முதல்நாளே செருகி வைத்திருந்தேன். மண்டபம் பாதி நிறைவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் பள்ளியில் கூப்பிட, அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். பள்ளி அதிபர் ஒழுங்கு, விதி என்று நீளமாகப் பேசினார். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“நீ எழுதினதிலை எது பொய் எண்டு அவரைக் கேள்.”

கேட்டேன். பொய் என்று தான் சொல்லவில்லையே என்றார் அதிபர்.

“அப்ப ஏன் பிள்ளையைத் தண்டிக்கிறியள்?” அம்மா அவர் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். மொழிபெயர்த்தேன். அனுமதி கேட்கவில்லை, அதுதான் குற்றம் என்றார். மிக நன்று என்று எழுதிய ஆசிரியரும் அங்கேதான் இருந்தார். வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அதிபரைவிட அவர் மேல்தான் கோபம் அதிகம்.

இரண்டு நாள் என்னைப் பள்ளியிலிருந்து இடைநிறுத்தினார்கள். திரும்பிப் போனபோது, மிஞ்சிய மலர்களிலிருந்து என் பக்கத்தை உருவி எடுக்கும் வேலையை என்னிடமே தந்தார்கள். மாட்டேன் என்றேன். இடைநிறுத்தத்தில் இன்னும் ஒரு நாள் கூட்டினார்கள்.