ஏழு முகப் பொதுஜனம்

என் நாத்தனாரின் நடிப்பைப் பார்த்து நாடே அசந்துபோனது. சரி, நாடு என்பது கொஞ்சம் கூடுதல்தான். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது அவள் தொழில். ஒரே ஒரு அரசியல் கிண்டல் படத்தில்தான் வாய் திறந்தாள். உதவாக்கரை மந்திரி ஒருவரை ஒரு டிவி முதலாளி மக்கள் தலைவராக்குகிற கதை. அந்த டிவியில் ‘மக்கள் கருத்து’ சொல்ல வருகிற ஏழு பேரும் இவள்தான். கண்ணாடி மாட்டினால் டீச்சர், கூடையைத் தூக்கினால் பழக்காரி. ஏழு பேருக்கும் ஒரே வசனம்: “எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க!” தியேட்டரில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் அவள் பெயரே பொதுஜனம்.

வம்பு அதில்தான் வந்தது. எங்கள் தெரு வழியாகப் போகும் ஒரே பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவள் கணவர், எனக்கு அண்ணன் முறை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் முழுக்க நின்றபடி துணி தேய்ப்பவர். துணியோடு முட்டியும் தேய்ந்துபோன மனிதர். பஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை. அதனால் நிஜ டிவிக்காரர்கள் மைக்கோடு வந்தபோது நாத்தனாரே முன்னால் போய் மனசாரப் பேசினாள். கண்ணீர்கூட சொந்தக் கண்ணீர்தான்.

மறுநாள் போக்குவரத்து அதிகாரி அதே டிவியில் சிரித்தார். “அந்தம்மா நடிகைங்க. படத்துல ஏழு வேஷம் போட்டவங்க. நிஜ ஜனங்க யாரும் பஸ்ஸு கேக்கல.”

“பொய் சொன்னப்போ கைதட்டினாங்க அண்ணி, நிஜத்தைச் சொன்னா நடிப்பாம்!” என்று குதித்தாள்.

“நீ ரொம்ப நல்லாப் பேசிட்டடி. அதான் தப்பு,” என்றேன்.

படத்தின் இயக்குநரும் அதையேதான் சொல்வாராம்: தடுமாறினால்தான் ஜனம். உடனே, வாய் திறக்கவே யோசிக்கிற தன் கணவரைப் பிடித்து நிறுத்தினாள். எங்கே இருமுவது, எந்த வார்த்தையைப் பாதியில் விடுவது, எல்லாவற்றுக்கும் ஒத்திகை.

“என்னங்க, இவ்ளோ நிமிர்ந்து நிக்காதீங்க. போலீஸ் கமிஷனர் மாதிரி இருக்கு!”

“நிமிர்ந்து நின்னாத்தான்டி முட்டி வலிக்கல.”

விவகாரம் சூடாக இருக்கிறதே என்று டிவிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை நேரலை. அண்ணன் மைக்கைப் பார்த்தார். இருமினார். “முட்டி… வலிக்குதுங்க. பஸ்ஸு வேணும்.” அப்புறம் பேச்சே இல்லை. கடைசியில் கேமராக்காரரையே கேட்டார்: “தம்பி, நீங்க எதுல வந்தீங்க?”

“எங்க வேன் ரிப்பேருங்க. பஸ்லதான் வந்தோம்,” என்று உளறிவிட்டார் அவர். “உக்காரக்கூட எடமில்ல, அவ்ளோ கூட்டம்!”

அன்று முழுக்க எல்லா டிவியிலும் அந்தப் பேச்சுதான். அதிகாரி அதற்கப்புறம் சிரிக்கவில்லை. பஸ் இன்றும் ஓடுகிறது.

அந்த இருமலையும் மௌனத்தையும் கேள்வியையும் அச்சுப் பிசகாமல் நடிக்கவைத்தவள் என் நாத்தனார். இதுவரை எழுதி, அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன்.

“நடிப்பா? அவ சொல்லிக்கொடுத்தது அத்தனையும் மறந்துபோச்சு தங்கச்சி,” என்றார். “பஸ்ஸு ஓடுதா, நிறுத்திட்டாங்களான்னு தெரியணும்ல? அதான் அந்தத் தம்பியக் கேட்டேன். அன்னிக்கு எனக்கு மத்தியான ஷிப்ட்டு.”