ரப்பர் பாலில் ஒட்டிய படங்கள்

மலாக்கா நகரின் ஓரத்தில், காஜா பெராங்கில், நாங்கள் குடியிருக்கும் பலகை வீட்டில் பசை ஒரு நாளுக்கு மேல் தங்காது. வந்த புதிதில், ஊரிலிருந்து கொண்டுவந்த மகாலட்சுமி படத்தை அட்டையில் ஒட்டி மாட்டினேன். மறுநாள் காலையில் லட்சுமி தரையில் குப்புறக் கிடந்தாள். படத்தின் முதுகு அலம்பித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. புது வீட்டில் இது என்ன அபசகுனமோ என்று பயந்தேன். என் கணவரின் மூத்த சகோதரி எட்டிப் பார்த்துவிட்டு, “கரப்பான் தின்னுருக்கு. இந்த ஊர்ல மாவுப் பசைன்னா அதுக்குப் பலகாரம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு முன்பே பல வருஷங்கள் இங்கே வாழ்ந்தவர் அவர். கணவரை இழந்து எங்களோடு இருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மாயவரத்தில் பசை வருஷக்கணக்கில் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் என் தங்கையும் சாமி படங்களுக்கு ஜிகினாவும் சம்கியும் ஒட்டுவோம். பழைய புடவையின் சரிகையைக் கத்தரித்து முருகனுக்கு வேட்டி கட்டுவோம். பூச்சி வராமலிருக்க அம்மா பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவாள். இங்கே போர் வந்த பிறகு மயில்துத்தத்துக்கு எங்கே போவது? கிடைத்திருந்தாலும் அந்த விஷத்தை நான் போட்டிருக்க மாட்டேன். எதை எடுத்தாலும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் என் மகள் பவானி இருந்தாள்.

ஜப்பான்காரன் காலத்தில்தான் நான் மறுபடியும் ஒட்ட ஆரம்பித்தேன் என்று சொன்னால், ஊரில் இருக்கிற நீங்கள் நம்புவீர்களா என்று தெரியவில்லை. என் கணவர் வேலை பார்த்த ரப்பர் ஏஜென்சியை மூடிவிட்டார்கள். கடிதம் நின்றது, அரிசி நின்றது. பெரிய ரோட்டில் ராணுவ லாரிச் சத்தம் கேட்டால் பெண்கள் பின்னறைக்குப் போய்விட வேண்டும், குழந்தை சத்தம் போடக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது? வாயைப் பொத்தினால் இன்னும் அழுவாள். ஒருநாள் கையில் அகப்பட்ட சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைக் கிழித்து, சோற்றுப் பருக்கை ஒன்றால் பழைய அட்டையில் ஒட்டிக் காட்டினேன். அழுகை நின்றுவிட்டது. லாரிகள் போனதுகூடத் தெரியாமல் நாங்கள் இருவரும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. புடவைக் கடையில் மடிப்புக்குள் வைத்துக் கொடுக்கும் வெள்ளை அட்டைகளை உள்ளங்கை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டேன். சாக்கு நூல், வாழை நார், தீப்பெட்டிப் படம், கிழிந்த சட்டைத் துணி எல்லாம் ஒட்டினேன். சாயத்துக்கு மங்குஸ்தான் தோலை வேகவைத்தால் செம்பழுப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம். சங்குப்பூவைப் பிழிந்தால் நீலம், அதில் எலுமிச்சை ஒரு சொட்டு விட்டால் ஊதா. எதோடு எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் சேர்ப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. மாயவரத்தில் ஒட்டியது முருகன், லட்சுமி. இங்கே நான் ஒட்டியதற்குப் பெயரே இல்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மாதிரி ஒன்று. பயந்து உட்கார்ந்திருக்கும் மத்தியானம் மாதிரி ஒன்று. சாமி இல்லாமல் படம் பண்ணலாமா, இது சரிதானா என்று ஒவ்வொன்றையும் முடித்த பிறகு எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும் அடுத்ததைத் தொடங்குவேன்.

பக்கத்து வீட்டுத் தெய்வானை மாக் ஒருநாள் அவற்றைப் பார்த்தார். அவர் மலாக்காச் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர்கள். நம் சாமிகள்தான் அவருக்கும். ஆனால் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, மலாய் பேசுவார். பெயரில் இருக்கும் தமிழ் வாயில் இல்லை. அவருடைய பெண்கள் கூப்பிடுவதுபோல நானும் மாக், அதாவது அம்மா, என்பேன். என் அட்டை ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தச் சாமி என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் இதில் சாமி இல்லை என்றேன். சாமி இன்னும் அமையவில்லை என்று நான் வருத்தப்படுவதாக அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் தோளைத் தட்டி, “நான்தி டாத்தாங்” என்றார். பிறகு வருவார் என்று அர்த்தம். அதன் பின் வேலிப் பக்கம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வந்துவிட்டாரா என்று விசாரிப்பார். நானும் இல்லை என்று தலையாட்டுவேன்.

சோற்றுப் பருக்கை தீர்ந்தது. அரிசியைக் கண்ணால் காண்பதே அபூர்வமானபோது நாங்கள் மரவள்ளிக்கு, இந்த ஊர் பேச்சில் ஊபிக்கு, வந்தோம். கொல்லையில் என் கணவர் போட்ட கிழங்கை அக்காவும் நானும் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, தண்ணீர் தெளிந்து அடியில் தங்கும் மாவை வெயிலில் காயவைப்போம். அந்த மாவில்தான் பவானிக்குக் கஞ்சி. அதில் ஒரு கரண்டி எடுத்து நான் பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது அக்கா பார்த்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“கோமு, யாருக்கு இது?”

ஒட்டுவதற்கு என்று மென்று விழுங்கினேன்.

“புள்ள வயித்துக்குப் போறத காயிதத்துக்கு ஊட்டுறியா? ராத்திரிக்குள்ள அதையும் கரப்பான் தின்னுரும். நாம ஊபி துருவுறது கரப்பானுக்கா?”

பவானியின் கை மெலிந்துபோயிருந்தது உண்மை. ஒரு கரண்டி மாவால் அது நிறைந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் எந்தத் தாய் அப்படிக் கணக்குப் போடுவாள்? காய்ச்சிய பசையில் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, குழந்தைக்கே ஊட்டிவிட்டேன். அட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடினேன். என் கணவர் சமாதானமாக, சண்டை முடிந்தபின் செய்துகொள்ளலாமே என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் லாரிச் சத்தம் சண்டை முடியும்வரை காத்திருக்கவில்லை. பின்னறையில் பவானி என் முந்தானையை இழுத்து, “அம்மா, ஒட்டு” என்பாள். ஒட்ட எதுவும் இல்லை என்று சொல்லி அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவள் அழுவாள். என் பயமும் அவளோடு சேர்ந்து வளரும். நல்ல தாயாக இருப்பதற்காக எதை விட்டேனோ, அதை விட்டதாலேயே மோசமான தாயாகிக்கொண்டிருக்கிறேனோ என்று நாள் முழுக்க அதே யோசனை.

தெய்வானை மாக் வீட்டுக் கொல்லையில் நாலைந்து ரப்பர் மரங்கள் உண்டு. வாங்க ஆளில்லாததால் அவற்றைச் சீண்டுவாரில்லை. மாக்கின் கணவர் மட்டும் பழக்க தோஷத்தில் காலையில் போய்ப் பட்டையைச் சீவிப் பால் வடியவிட்டு வருவார். ஒருநாள் அங்கே விளையாடப் போன பவானி வீறிட்டபடி ஓடி வந்தாள். முழங்கையில் ஒரு காய்ந்த இலை. இழுத்தால் தோலும் கூட வந்தது. அடியில் பூரானோ அட்டைப்பூச்சியோ என்று பதறி, தண்ணீர் ஊற்றினேன், தேங்காயெண்ணெய் தடவினேன். அது அசையவில்லை. கடைசியில் நகத்தால் ஓரத்தை மெல்ல நெம்பியபோதுதான் இலைக்கு அடியில் இருந்த ரப்பர் பால் கண்ணில் பட்டது. மரத்தில் வழிந்ததைத் தொட்டு, அதில் இலையை வைத்து அழுத்தியிருக்கிறாள். என் பெண் தன் கையிலேயே ஒரு படம் ஒட்டியிருக்கிறாள்.

சொன்னால் சிரிப்பீர்கள். குழந்தை தேம்பிக்கொண்டிருக்க, நான் அந்த இலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு கொட்டாங்கச்சியோடு வேலிக்குப் போனேன். மாக் கேள்வி கேட்காமல் நிறைய ஊற்றிக் கொடுத்தார். பால் சீக்கிரம் திரிந்து கட்டியாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது. முதல் நாள் பாதி வீணாயிற்று. அதன் பின் எதை எங்கே வைப்பது என்று முன்பே அடுக்கி வைத்துக்கொண்டு, பால் வந்ததும் ஒட்டுவேன். நாற்றம் தாங்காது. ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான். அட்டையை வேண்டுமென்றே அடுப்படி ஓரத்தில், கரப்பான் வரும் வழியில் வைத்தேன். காலையில் அது வைத்தபடியே இருந்தது. அக்கா அதை எடுத்து முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“நாத்தம் கொடலப் புடுங்குது. கரப்பான் எப்படித் திங்கும்?” என்றவர், “மாவு எதுவும் சேக்கலியே?” என்று கேட்டார்.

“சேர்க்கலக்கா. வெறும் பால்தான்.”

அவர் அட்டையைத் தூக்கிப் போடவில்லை. இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்தது ஒரு தவறால் வந்தது. மிச்சமிருந்தவற்றில் நல்ல வெள்ளை அட்டையின்மேல் கொட்டாங்கச்சி சாய்ந்து, பால் கோடுகோடாக ஓடிக் காய்ந்துவிட்டது. கெட்டது கெட்டுப்போயிற்று, சாயத்தையாவது பார்க்கலாம் என்று சங்குப்பூ நீலத்தை அதன்மேல் முழுக்கப் பூசினேன். அழுக்குத் துணி மாதிரி ஆயிற்று. பவானி அதைக் கையில் எடுத்தாள். முழங்கை இலையின் ஞாபகமோ என்னவோ, ஒரு கோட்டின் நுனியை நகத்தால் நிமிண்டி இழுத்தாள். ரப்பர் நூலாக உரிந்து வந்தது. அதன் அடியில், நீலத்தின் நடுவே, பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. இன்னொன்றை இழுத்தாள். இன்னொரு கோடு. இருவரும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு அப்போது கோலம்தான் தோன்றியது. இரண்டு வருஷமாக எங்கள் வாசலில் கோலம் கிடையாது. தின்ன இல்லாத மாவைத் தரையில் யார் போடுவார்கள்? ஈர்க்குச்சியைப் பாலில் தோய்த்து ஓர் அட்டையில் புள்ளி வைத்தேன், சிக்குக் கோலம் இழுத்தேன், காயவிட்டு நீலம் பூசினேன். உரிக்கும் வேலை பவானிக்கு. அவள் உரிக்க உரிக்க மாயவரத்துக் கோலம் அட்டையில் எழுந்து வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அவர் கேட்கவில்லை. “சுடா டாத்தாங்” என்றார். வந்துவிட்டாராம். இல்லை என்று தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை.

மார்கழி முடிகிற சமயத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதையோ முந்தானைக்குள் வைத்திருந்தார். பவானியின் தலையைத் தடவியபடி சொன்னார்.

“தைக்கு வாசல் வெறிச்சுன்னு கெடக்கும்லா. உன் ரப்பர் பால்ல பெருசா ஒண்ணு போட முடியுமா?”

முடியும் என்றேன். வாய் சொல்லிவிட்டது, முடியுமா என்று பிறகுதான் பயந்தேன்.

முந்தானைக்குள்ளிருந்து அவர் எடுத்தது அவருடைய கல்யாணப் புடவையின் சரிகைக் கரை. “இத ஓரத்துல ஒட்டு. பொட்டியில இருந்தா பூச்சிதான் திங்கும்.”

கடைக்குச் சோப்பு வந்த மரப்பெட்டியின் மூடிப் பலகையை என் கணவர் தேய்த்து வழவழப்பாக்கினார். நான் புள்ளி வைக்க, அக்கா கோடு இழுத்தார். அவர் கோடு என் கோட்டைவிட நேராக வந்தது. காவிக்குப் பதில் மங்குஸ்தான் சாயம். காய்ந்த பின் பவானி ஒரு முனையிலும் அக்கா மறுமுனையிலும் உட்கார்ந்து உரித்தார்கள். யார் நூல் அறுபடாமல் நீளமாக வருகிறது என்று அவர்களுக்குள் போட்டி. “ஏமாத்தாத புள்ள, ரெண்டு கையில இழுக்கிற” என்று அக்கா அவளிடம் சண்டை பிடித்தார். செம்பழுப்பின் நடுவே மரத்தின் சொந்த நிறத்தில் கோலம் வந்தது. ஓரம் முழுக்கச் சரிகை, மூலைகளில் சிகரெட் வெள்ளி. தை முதல் நாள் அதை வாசற்படியில் சாய்த்து வைத்தோம். மரவள்ளிப் பொங்கல்தான் பொங்கினோம். தெரு முழுக்க வந்து பார்த்தது. தெய்வானை மாக் ஒரு சங்குப்பூவைப் பறித்து வந்து பலகையின் முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

“கோலம் போட்டா எறும்பு தின்னும்பாங்க,” என்று அக்கா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இது எறும்புக்கும் ஆகாது. ஆனா எங்க புள்ள கிண்ணத்துல ஒரு கரண்டி கொறையல.” அதை அவர் எத்தனை பேரிடம் சொன்னாரோ, அத்தனை முறையும் நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

இப்போது சண்டை முடிந்து அரிசி வந்துவிட்டது. கப்பல் தபாலும் ஓடுகிறது. போன வாரம் முதல் தடவையாக அரிசி மாவை எடுத்துக்கொண்டு வாசலில் குனிந்தேன். விரல் மறக்கவில்லை. தங்கை பக்கத்தில் நின்று கோடு தப்புகிறது என்று சொல்வதுபோலவே இருந்தது. போட்டு முடித்து நிமிர்ந்தபோது பவானி கோலத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கோட்டின் நுனியை நகத்தால் நிமிண்டினாள். மாவு கலைந்தது. அடுத்த கோட்டை நிமிண்டினாள். விரலில் ஒட்டிய மாவைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அம்மா, இது இன்னும் காயலையா?”