எங்கள் ஃப்ளெக்ஸில் எத்தனை டாக்டர்?

பள்ளிக்கூடத்து அட்மிஷன் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், காலத்தை ஓட்டிவிடலாம்: "போன வருசம் உங்க ஸ்கூல்ல எத்தனை டாக்டருங்க?" நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பல வருடமாக இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரிசல்ட் வந்ததும் வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸுக்கு எழுதிக் கொடுப்பதும் நான்தான். பத்தாவது முடித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழெட்டுப் பள்ளிகளின் நோட்டீஸை மடியில் பரப்பிப் போட்டோக்களை எண்ணிப் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவுதான். நானும் எண்ணியவள்.

ஒரே பெண், இரண்டு நோட்டீஸ்

ஜலகண்டாபுரத்திலிருந்து தறி ஓட்டும் தம்பதி வந்தார்கள். அந்தம்மா எங்கள் நோட்டீஸையும் இன்னொரு பள்ளியின் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே பெண்ணின் முகத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண் எங்கள் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ முடித்தாள். நீட் மார்க் போதாமல் அடுத்த வருடம் அங்கே கோச்சிங்கில் தங்கிப் படித்தாள். சீட் கிடைத்ததும் இரண்டு பள்ளிக்காரர்களும் போட்டோவைப் போட்டுக்கொண்டோம்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். அந்தம்மா கோபப்படவில்லை. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, அங்கயும் தங்கி இங்கயும் தங்கிப் படிச்சுதுன்னா, இந்தப் புள்ள ஊட்டுக்கு எப்பங்க போச்சு?"

எந்த டாக்டர்

ரிசப்ஷனில் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் மாட்டியிருக்கிறது. 'மருத்துவம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, வரிசைக்கு ஆள் போதாமல் கால்நடை மருத்துவம் போன இரண்டு பேரையும் நடுவில் செருகியிருந்தேன். 'கால்நடை'யை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு கோழிப்பண்ணைக்காரர் அதில் ஒரு பையனை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய பண்ணைக்குப் பயிற்சிக்கு வந்தவனாம். மானம் போயிற்று என்று குனிந்துகொண்டேன்.

அவர் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஃபாரம் கேட்டார். "அந்தத் தம்பி படிச்ச ஸ்கூலுன்னா என் பையனச் சேத்தலாமுங்க. மனுசனுக்கு ஊசி போட ஆளிருக்குது, எங் கோழிக்குத்தான் ஆளில்லை."

இடது பக்க ஜன்னல்

இப்படியெல்லாம் ஃப்ளெக்ஸ் எழுதுகிறவள் தன் மகளை எங்கே சேர்த்திருப்பாள்? எங்கள் பள்ளியின் எண்ணிக்கை எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் பக்கத்துப் பள்ளியின் எண்ணிக்கையை நம்பினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். மகள் கனி இப்போது அங்கே ஹாஸ்டலில் பிளஸ் டூ.

பெற்றோர் பார்க்க வரும் நாள் இரண்டு பள்ளியிலும் மாதத்தின் இரண்டாவது ஞாயிறுதான். அன்றைக்குத்தான் எங்கள் கவுண்டரில் கூட்டம் அம்மும், லீவு கிடையாது. வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற அம்மாக்கள் என் கண்ணெதிரே கேரியரைத் திறந்து பிள்ளைக்கு ஊட்டுவார்கள். நான் பக்கத்தில் இருப்பவரிடம், "ரெண்டே வருசந்தானுங்க, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரு நாளே போகவில்லை.

நான் போகும் டவுன் பஸ் அவள் ஹாஸ்டலைத் தாண்டித்தான் போகும். காலையில் இடது பக்கம் உட்காருவேன், சாயங்காலம் வலது பக்கம். ஜன்னல்களில் காயும் துணிகளில் அவள் சுடிதாரைத் தேடுவேன். சனிக்கிழமை ஐந்து நிமிடம் போன் கொடுப்பார்கள். போன வாரம் அதில் சொன்னாள்: "அம்மா, மாடியில இருந்து உன் பஸ் தெரியுது. நீ எந்தப் பக்கம் உக்காந்திருப்பன்னுதான் தெரியல."

கேள்வி தெரிந்தவர்

இந்த வருட அட்மிஷன் தொடங்கியபோது ஒருவர் மகனோடு வந்து பிளஸ் ஒன் ஹாஸ்டல் ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இந்த ஃப்ளெக்ஸ்ல ரெண்டாந்தடவ எழுதுன ரிப்பீட்டர் எத்தனைங்க? வெளிய கோச்சிங் போனது எத்தனைங்க?" எந்தப் பெற்றோரும் இப்படிக் கேட்டதில்லை. எங்கே வேலை என்றேன். கனி படிக்கும் பள்ளியின் பெயரைச் சொன்னார். அங்கே அட்மிஷன் கவுண்டரில் உட்காருகிறாராம். "எங்க ஃப்ளெக்ஸ நாந்தானுங்க எழுதிக் குடுக்கறேன். அதான் பையன இங்க கூட்டிட்டு வந்தேன்."

எங்கள் ஃப்ளெக்ஸை எழுதுவது யார் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. என் மகள் அங்கேதான் படிக்கிறாள் என்று பெயரைச் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"கனியாங்க? ரெண்டாவது ஞாயித்துக்கெழமை என் கவுண்டர்கிட்டதான் வந்து உக்காந்துக்குமுங்க. உள்ள போ சாமின்னாலும் போகாது. 'எங்கம்மாவும் இப்ப இப்பிடித்தான் உக்காந்திருக்கும், உங்களப் பாத்துக்கிட்டு இருக்கறேன்'னு சொல்லும்."

ரிசல்ட்டை வைத்துப் பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் மிஞ்சியது இதுதான்: இரண்டாவது ஞாயிறுகளில் என் மகளுக்கு அவர் சோறு கொண்டுபோகிறார், அவர் மகனுக்கு நான் கொண்டுவருகிறேன்.