ஏகாதசியன்று போட்ட இன்சுலின்

காலை பத்தேகால் மணிக்கு என் மனைவி செங்கமலம், தொடுத்துக்கொண்டிருந்த பூவைக் கைதவற விட்டாள். எடுத்துக் கொடுத்தேன். என்னை யாரென்றே தெரியாதவள்போல் பார்த்தாள். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு இன்சுலின் வந்து எட்டாவது மாதம். ஊசியைக் கொதிக்கவைப்பது, சிறுநீரை நீல மருந்தோடு சூடாக்கி நிறம் பார்ப்பது (சர்க்கரை மிகுந்தால் செங்கல் நிறமாகும்), நேரத்தோடு நோட்டில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. ஒருநாளும் தவறியதில்லை.

அன்று ஏகாதசி.

"ஏன்னா, இன்னிக்கு தீர்த்தம் மட்டுந்தான். சர்க்கரைக்கும் நல்லதுதானே?" என்று விடியற்காலையிலேயே சொல்லியிருந்தாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆறரைக்கு வழக்கமான அளவைப் போட்டேன். நோட்டில் குறித்தேன்.

டாக்சி காவிரிப் பாலத்தில் போகும்போது அவள் தாடை இறுகிவிட்டது. மடியில் கிடந்த தலையின் கனம் இன்னும் என் தொடையில் இருக்கிறது.

புத்தூரில் ஒரு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் என் நோட்டைப் புரட்டினார்.

"அழகா எழுதியிருக்கீங்க சார். சாப்பிட்டாங்களான்னு மட்டும் ஒரு கட்டம் காணோமே?"

இன்று ஏகாதசி, தீர்த்தம் மட்டும்தான் என்றேன்.

"பட்டினி கிடந்தா கல்லீரல்தான் கைகொடுக்கணும். அந்த செல்லுக்குள்ள கால்சியம் ஏறினா, அதுவே ஒரு உத்தரவு மாதிரி, சேத்துவெச்ச கிளைகோஜனை உடைச்சு ரத்தத்துல விடும். நீங்க போட்ட இன்சுலின் அந்த உத்தரவையே அமுக்கிடுது. எப்படின்னு இன்னும் முழுசா தெரியல."

கிளைகோஜன் (கல்லீரல் சேர்த்து வைக்கும் சர்க்கரை) பற்றிப் படித்திருந்தேன். கால்சியம் எலும்புக்கு என்று மட்டுமே தெரியும். அவளைக் காப்பாற்ற எழ வேண்டிய ஒன்றை என் கையாலேயே அழுத்திவிட்டேன்.

அரை மணியில் கண் திறந்தாள். தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள்.

"அச்சச்சோ, விரதம் போச்சா?"

"வாயால சாப்பிடலையே மாமி," என்றார் டாக்டர்.

அவள் சிரித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இன்சுலின் போடும் வீட்டாருக்கு ஒன்று சொல்வேன்: டாக்டரைக் கேட்காமல் பட்டினி வேண்டாம். உடம்பு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

இப்போது ஏகாதசியிலும் உப்புமா தயாரான பிறகே ஊசி. போட்டு அரை மணி கழித்துச் சாப்பிட வேண்டும். அதுவரை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வியர்க்கிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

"விடுங்கோன்னா, எங்கேயும் ஓடிட மாட்டேன்," என்பாள்.

முதல் கவளம் உள்ளே இறங்கும்வரை விடுவதில்லை. அந்த அரை மணியை மட்டும் நான் நோட்டில் எழுதுவதில்லை.