ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓட்டோ டியூப்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பாலாவியில் உப்பு மூட்டை ஏற்றும்போது லொறியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். ஒப்பரேசன் செய்து கம்பி வைத்தார்கள். மகளின் நிக்காஹுக்கு அப்போது மூன்று கிழமைதான் இருந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்க வேண்டியவன் நான். நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார முடிந்தால் போதும் என்று கிடந்தேன்.

மூன்றாம் நாள் அதற்கும் ஆபத்து வந்தது. மல்லாந்தே கிடந்ததில், முதுகெலும்பு முடியும் இடம் எரியத் தொடங்கியது.

“நானா, கொஞ்சம் சரிஞ்சு படுங்க. பின்னுக்குத் தோல் பாக்க வேணும்” என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி வரும்போதெல்லாம் கேட்பார். அவருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும்.

“மச்சான் பாத்துட்டார், மிஸ்ஸி. ஒண்டுமில்ல.”

மச்சான் என் மனைவியின் தம்பி, பள்ளிவாசல்துறையில் மீன்பிடிக்கிறவர். எனக்குத் துணைக்கு நின்றார். அவர் உண்மையாகவே பார்த்திருந்தார்.

“செவந்து கெடக்கு மச்சான். புண்ணாப் போனா நிக்காஹ்ல நீங்க குப்புறப் படுத்துத்தான் கை குடுக்க வேணும்.”

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர், பழைய ஓட்டோ டியூப் ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். பாதி காற்றடித்து எனக்குக் கீழே தள்ளினார். செவந்த இடம் நடு ஓட்டையில் நிற்கும், எதிலும் படாது என்பது அவர் கணக்கு. எனக்கும் தோணியில் படுத்த மாதிரி சுகமாக இருந்தது.

பின்னேரம் சம்மந்தியும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். மரியாதைக்காக நான் சற்று நிமிர்ந்தேன். டியூபின் வால்வு கழன்றது. காற்று ஒரேயடியாகப் போகவில்லை. விட்டு விட்டு, நீளமாகப் போனது. நான் மெல்ல மெல்லக் கீழே இறங்கினேன். சம்மந்தி ஜன்னலைப் பார்த்தார். அவர் மனைவி முக்காட்டால் மூக்கை மூடினார்.

“ஒப்பரேசன் செஞ்சா இப்பிடித்தான்” என்று மச்சான் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

“நல்லது நானா, வயிறு வேல செய்யுது” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

சத்தம் கேட்டு வந்த மிஸ்ஸி, போர்வைக்குள் கைவிட்டு டியூபை வெளியே இழுத்தார். வந்தவர்களை அனுப்பிவிட்டுத் திரையை மூடினார். அன்றைக்கு என்னால் மறுக்க முடியவில்லை. செவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“அமத்தினா வெள்ளையாகுது. தோல் இன்னும் சாகல்ல. ஆனா டியூப் வட்டமா அமத்தினா நடுவுக்கு ரத்தம் வராது. இன்னும் ரெண்டு நாள் போனா புண்தான்.”

“எண்ணெ போட்டுத் தேய்க்கவா மிஸ்ஸி?” என்றார் மச்சான்.

“தேய்க்கவே வேணாம். திருப்புங்க.”

அதன் பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், முதுகுக்குத் தலையணை கொடுத்து என்னை ஒருபக்கம் சரித்தார்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு ஒரு தலையணை. மச்சான் மறந்தால் பக்கத்துக் கட்டில்காரர் விடமாட்டார்.

“நேரமாச்சு, நானாவத் திருப்புங்க.”

வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும். என் வெட்கம் போகவில்லை. ஆனால் சிவப்பு போய்விட்டது.

வீட்டுக்கு விடும்போது மிஸ்ஸி, கதிரையில் உட்கார்ந்திருந்தால் அடிக்கடி பக்கம் மாறிச் சரியச் சொன்னார். நிக்காஹ் அன்று கதிரையில் இருந்தபடி மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். இடப்பக்கம் சரிந்தேன். பக்கத்தில் இருந்த சம்மந்தி காதைக் கொடுத்தார்.

“என்ன சம்மந்தி?”

“ஒண்டுமில்ல.”

வலப்பக்கம் சரிந்தேன். கை என்னிடம் இருந்ததால் மாப்பிள்ளையும் சரிந்தார். நாங்கள் மூவரும் நிமிரும்வரை மௌலவி பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி, உட்கார்ந்தபடியே மகளை ஒப்புக்கொடுத்தேன்.

இதை எழுதியது துல்கஃதா மாதம் பிறை ஏழு, திங்கட்கிழமை.